அன்னா ஜூலியா கூப்பர்: ஓர் இலத்தீன் ஆசிரியரை, தலைமையாசிரியரை எப்படி நினைவுகூர்வது?

வாசகி_திருச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றி உறுப்பினர் ஒருவர் பேசுவது வழக்கம். அடுத்த மாதம் என் முறை வருகிறது. நான் தேர்ந்துகொண்டிருப்பவர் அன்னா ஜூலியா கூப்பர். 1858இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்து ராலே நகரில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்து, வாஷிங்டன் நகரில் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி, 1930இல் ஓய்வுபெற்று, 1964 பிப்ரவரியில் 105 வயதில் மறைந்தவர் அவர்.

என் சிக்கல் இதுதான். அவரைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 1892இல் வெளிவந்த அவருடைய நூலைப் பற்றியும், அமெரிக்கக் கடவுச்சீட்டின் பக்கங்களில் அச்சிடப்பட்ட அவருடைய வாசகத்தைப் பற்றியுமே பேசுகின்றன. விடுதலை என்பது ஓர் இனத்துக்கோ பிரிவுக்கோ கட்சிக்கோ வர்க்கத்துக்கோ மட்டும் உரிய இலட்சியம் அன்று, மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்னும் அந்த வாசகம் எனக்கும் பிடித்தமானதே. ஆனால் தம் வாழ்நாளில் மிக நீண்ட பகுதியை வகுப்பறையில் கழித்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது அந்த வகுப்பறையைக் காட்டாமல் விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே மூன்று கேள்விகள். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் மீண்டவர்களின் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பிப்பதில் அவர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார்? தலைமையாசிரியர் பதவி ஏன் பறிபோனது, பறிபோன பிறகு அதே பள்ளிக்கே அவர் ஏன் திரும்பி வந்தார்? ஓய்வுக்குப் பிந்தைய முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் என்ன செய்தார்? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இலத்தீன் என்றவுடன் நமக்குத் தேவாலயமும் பழைய கல்வெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் படித்த ஒரு பிள்ளைக்கு அது கல்லூரியின் நுழைவாயிலாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டில் இலக்கணம், அடுத்த ஆண்டில் சீசரின் போர்க்குறிப்புகள், பிறகு சிசரோவின் சொற்பொழிவுகள், இறுதியாண்டில் வர்ஜிலின் காவியம் என்று ஒரு படிவரிசை இருந்தது. பெயர்பெற்ற கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகள் இந்த வரிசையை அடியொற்றியே அமைந்திருந்தன. இந்தப் பாடத்தை ஒரு பள்ளியிலிருந்து எடுத்துவிட்டால், அங்கே படிக்கும் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தக் கல்லூரிகளின் வாயிலில் நின்றுவிட வேண்டியதுதான். யாரும் அவனைத் தடுத்ததாக வெளியே தெரியவும் தெரியாது. கூப்பரின் பிடிவாதத்துக்கு நடைமுறை சார்ந்த முதல் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. கறுப்பின மனிதர்களின் அறிவு செம்மொழிகளை எட்டாது என்று படித்த வெள்ளையர்களே உறுதியாகச் சொல்லிவந்த காலம் அது. கிரேக்கச் சொற்றொடரிலக்கணம் அறிந்த ஒரு நீக்ரோவைக் காட்டினால் அந்த இனத்தையும் மனித இனமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று தென் மாநிலத்து அரசியல் தலைவர் ஜான் கால்ஹூன் சொன்னதாக, கறுப்பினப் பாதிரியார் அலெக்சாண்டர் கிரம்மெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கிரம்மெல் வாஷிங்டனில் பல்லாண்டுகள் பணியாற்றியவர், கூப்பருக்கு நன்கு அறிமுகமானவர். அடிமையாகப் பிறந்த வில்லியம் ஸ்கார்பரோ 1881இல் ஒரு கிரேக்கப் பாடநூலையே எழுதி வெளியிட்டார். அவர் பணியாற்றிய வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில்தான் கூப்பரும் பட்டம் பெற்றவுடன் ஓராண்டு கற்பித்தார். இவர்கள் அனைவரும் ஒருவரை ஒருவர் அறிந்த, ஒரே பழிச்சொல்லுக்கு வாழ்க்கையாலேயே விடையளித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறையினர்.

கூப்பருக்கு இது சிறுமியாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. விடுதலைக்குப் பின் ராலேயில் புனித அகஸ்டின் பள்ளி 1868இல் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது ஒன்பது. அங்கே கிரேக்க வகுப்பு ஒன்று ஆரம்பமாயிற்று. ஆனால் பாதிரியாராகப் போகும் ஆண்களுக்காக மட்டும். கூப்பர் நேரே தலைமையாசிரியரிடம் போய்த் தமக்கும் இடம் கேட்டு வாங்கினார். இறையியல் படிக்கப்போவதாக ஒரு பையன் வாயால் சொன்னாலே போதும், அவனுக்கு எல்லா ஊக்கமும் உதவியும் கிடைத்துவிடும், ஒரு பெண்ணோ ஒவ்வொரு படிக்கும் தானே போராட வேண்டும் என்ற மனவருத்தத்தைப் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். இறையியல் பயின்ற ஜார்ஜ் கூப்பரை 1877இல் மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துவிட, இருபத்தொரு வயதில் கைம்பெண்ணானார். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1881இல் ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தபோதும் இதே கதைதான். அங்கே பெண்களுக்கென்று குறுகிய பாடத்திட்டம் ஒன்று தனியாக இருந்தது. அதை விட்டுவிட்டு, கிரேக்கமும் இலத்தீனும் உயர்கணிதமும் அடங்கிய, ஆண்களுக்கான பாடத்திட்டம் என்றே அழைக்கப்பட்ட நான்காண்டுப் படிப்பை எடுத்து 1884இல் பட்டம் பெற்றார். மேரி சர்ச்சும் ஐடா கிப்ஸும் அதே ஆண்டில் பட்டம் பெற்ற தோழியர். தமக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்த ஒன்றைத் தம் மாணவர்களுக்குக் கேட்காமலே கொடுத்தவர் என்று உங்கள் உரையில் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

கல்விவரலாறு

பழஞ்சுவடி ஐயா எழுதியதற்குத் தொடர்ச்சியாக, பள்ளியைப் பற்றியும் பதவி பறிபோனதைப் பற்றியும் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளி 1870இல் வாஷிங்டன் நகரின் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கியது. 1891இல் எம் ஸ்ட்ரீட்டில் கட்டப்பட்ட சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்ததால் எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றது. 1916இல் புதிய கட்டடத்துக்கு மாறியபோது கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கூப்பர் 1887இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். முதலில் கணிதமும் அறிவியலும் கற்பித்தார், பிறகு இலத்தீன். அந்நாளில் திருமணமான பெண்கள் அந்நகரப் பள்ளிகளில் ஆசிரியராக நீடிக்க முடியாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஓபர்லின் தோழியான மேரி சர்ச் அதே பள்ளியில் இலத்தீன் கற்பித்துவந்தார். 1891இல் ராபர்ட் டெரலை மணந்தபோது வேலையை விட வேண்டியதாயிற்று. கைம்பெண் என்பதனாலேயே கூப்பருக்கு அந்த வேலை நிலைத்தது.

1902இல் தலைமையாசிரியரானார். அதற்குப் பின்னும் வகுப்பறையை விடவில்லை என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. 1903இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஃபெலிக்ஸ் க்ளைன் அப்பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரே வர்ஜிலின் காவியத்தை வகுப்பில் நடத்துவதைப் பார்த்து வியந்து, ஊர் திரும்பியதும் தம் பயண நூலில் எழுதினார். கூப்பரின் காலத்தில் அப்பள்ளி மாணவர்கள் ஹார்வர்டு, யேல், பிரவுன், ஓபர்லின் போன்ற இடங்களில் சேர்ந்தார்கள். சட்டப்படியே கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்ட ஓர் அரசுப் பள்ளி இதைச் சாதித்தது என்பதை இருமுறை சொல்லலாம், தவறில்லை.

சிக்கலும் அங்கேயேதான் முளைத்தது. கறுப்பினக் கல்வித் தலைவர் புக்கர் வாஷிங்டன் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் நடத்திய தொழிற்கல்வி முறைக்குச் செல்வர்களின் ஆதரவும் அரசியல் ஆதரவும் பெருகியிருந்த நேரம்; கறுப்பினப் பள்ளிகளுக்கு அதுவே போதும் என்ற கருத்து கல்வி நிர்வாகத்திலும் பரவியிருந்தது. அப்பள்ளியின் பாடத்திட்டத்தைத் தாழ்த்த வேண்டும் என்று மேலிருந்து நெருக்குதல் வந்தபோது கூப்பர் இணங்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தைக் குறுக்கும் போக்கைப் பற்றி அறிஞர் டு பாய்ஸ் அப்பள்ளிக்கே வந்து பேசியதும் அந்த ஆண்டுகளில்தான். 1905இல் கூப்பர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. பள்ளியில் ஒழுங்கு குறைந்துவிட்டது, விதித்த பாடநூலை அவர் பின்பற்றவில்லை, பின்தங்கிய மாணவர்களிடம் அளவுமீறி இரக்கம் காட்டுகிறார் என்பன அவற்றுள் சில. அவருடைய தனி வாழ்க்கையைப் பற்றியும் வதந்திகள் கிளப்பப்பட்டன. விசாரணை நீண்டது, செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. 1906இல் அவரை மீண்டும் நியமிக்காமல் விட்டுவிட்டார்கள்.

பின்தங்கிய மாணவர்களிடம் இரக்கம் காட்டினார் என்பது ஒரு குற்றச்சாட்டாக எழுதப்பட்ட அந்தக் காகிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு பக்கம் பாடம் மிகக் கடினம் என்கிறார்கள், மறுபக்கம் அந்தக் கடினமான பாடத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுப்பதைக் குற்றம் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை தோற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு என்ன மிஞ்சுகிறது?

அவர் மிசௌரி மாநிலத்து ஜெபர்சன் சிட்டிக்குச் சென்று, அங்குள்ள லிங்கன் கல்வி நிலையத்தில் நான்காண்டுகள் மொழிகள் கற்பித்தார். 1910இல் வாஷிங்டனுக்குப் புதிய கல்விக் கண்காணிப்பாளர் வந்தபோது கூப்பர் திரும்ப அழைக்கப்பட்டார். தலைமையாசிரியராக அல்ல, இலத்தீன் ஆசிரியராக. தாம் ஆண்ட கட்டடத்துக்குள், தமக்குக் கீழே பணியாற்றியவர்களுக்குச் சமமாக நுழைந்து, அடுத்த இருபது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய செயல் இதுதான். நூல் எழுதியதையும் முனைவர் பட்டம் வாங்கியதையும்விட இதை நான் மேலாக மதிக்கிறேன். ஏன் திரும்பினார் என்று கேட்டிருக்கிறீர்கள். பதவிக்காகத் தாம் போராடவில்லை, பாடத்துக்காகவே போராடினோம் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்தப் பாடம் எங்கே நடக்கிறதோ அங்கே போவதுதானே முறை? அதைத்தான் செய்தார்.

வாசகி_திருச்சி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 1906க்கும் 1910க்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியை நான் படித்த கட்டுரைகள் ஓரிரு வரிகளில் கடந்துவிட்டன.

ஓர் ஐயம். தொழிற்கல்விக்கு ஆதரவானவர்கள் எல்லோரும் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று என் உரை தொனித்துவிடக் கூடாது. வாசகர் வட்டத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நியாயமாகப் பேச விரும்புகிறேன். கூப்பர் தச்சுவேலையையும் தையலையும் தாழ்வாக நினைத்தாரா?

கரும்பலகை

இல்லை, அம்மா. நீங்கள் எச்சரிக்கையாக இருப்பது சரியே.

கூப்பர் தொழிற்கல்வியை எதிர்த்தவர் அல்லர். அது தேவையான எண்ணற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர். ஒரு முழு இனத்துக்கும் இதுதான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவதைத்தான் அவர் எதிர்த்தார். எந்தப் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதை அந்தப் பிள்ளையின் திறமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், தோலின் நிறத்தைப் பார்த்து அன்று. புக்கர் வாஷிங்டனுக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். அவரும் அடிமையாகப் பிறந்தவர். தெற்கே, வாக்குரிமையும் பறிபோய்க் கும்பல் கொலைகளும் பெருகியிருந்த அலபாமாவில், கையில் ஒரு தொழிலும் காலடியில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் இலத்தீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்டது வெறும் கேள்வி அன்று. வாஷிங்டன் நகரத்தில் அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் ஓரளவு படித்த ஒரு பள்ளியையும், பருத்திக் காட்டின் நடுவே தொடங்கிய ஒரு பள்ளியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கூப்பரின் பள்ளி வசதியுள்ள குடும்பங்களுக்கே அதிகம் பயன்பட்டது என்ற விமரிசனமும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

ஆனாலும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். நானி ஹெலன் பரோஸ் என்ற பெண் 1896இல் எம் ஸ்ட்ரீட் பள்ளியில் படித்து முடித்தார். கூப்பரையும் மேரி சர்ச் டெரலையும் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டவர். அவரே 1909இல் அதே நகரில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்குத் தொழில்களைக் கற்பித்தார். செம்மொழி படித்தவர் நடத்திய தொழிற்பள்ளி அது. உங்கள் வட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதுமானதாக இருக்கும்.

பெண்களின் நிலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேனி ஜாக்சன் காப்பின் என்பவர் கூப்பருக்கு மூத்தவர். சிறுமியாக இருந்தபோது அவருடைய அத்தை 125 டாலர் கொடுத்து அவரை அடிமைத்தளையிலிருந்து மீட்டார். ஓபர்லினில் 1865இல் பட்டம் பெற்று, பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான கல்வி நிலையத்தில் கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும் கற்பித்து, 1869 முதல் 1902 வரை தலைமையாசிரியராக இருந்தார். செம்மொழிப் பாடங்கள் நடந்த அதே நிலையத்தில் தொழிற்பிரிவு ஒன்றையும் அவர் நிறுவினார். கூப்பர் தலைமையாசிரியரான ஆண்டிலேயே அவர் ஓய்வுபெற்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று நடத்திக் காட்டியவர்கள் பெண்களாகவே இருந்தார்கள் என்பது என் கவனத்தை எப்போதும் ஈர்ப்பது.

மாலைநேர_வகுப்பு

கடைசிக் கேள்விக்கு நான் பதிலளிக்க முயல்கிறேன். ஓய்வுக்குப் பிந்தைய காலத்தைச் சொல்வதற்கு முன்னால், ஓய்வுக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

1914இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான படிப்பைக் கூப்பர் தொடங்கினார். அடுத்த ஆண்டே, அவருடைய தாய்வழிச் சகோதரர் ஒருவரின் பேரக்குழந்தைகள் ஐவர் ஆதரவற்றுப்போனதால் அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, கடைசிக் குழந்தைக்கு ஆறு மாதம். அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவர்களுக்காகவே டி ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டை வாங்கினார். கொலம்பியாவின் விதிப்படி ஓராண்டு நியூயார்க்கில் தங்கிப் படிக்க வேண்டும். வேலையையும் பிள்ளைகளையும் விட்டு அது முடியாது. ஆகவே, தாம் அங்கே படித்தவற்றைப் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டார். 1924இல் விடுப்பெடுத்துப் பாரிஸ் சென்றிருந்தபோது, அறுபது நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று நண்பர் மூலம் செய்தி வந்தது. ஆவணக்காப்பகங்களில் எடுத்த குறிப்புகளோடு திரும்பிவந்து மீண்டும் வகுப்பில் நின்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறையைப் பற்றிப் பிரான்ஸ் கொண்டிருந்த மனப்பான்மையே அவருடைய ஆய்வுப் பொருள். பிரெஞ்சு மொழியிலேயே எழுதி, 1925 மார்ச்சில் பாரிஸில் வாதிட்டு வென்றார். தேர்வாளர்களில் ஒருவர் சமூகவியலாளர் செலஸ்தென் பூக்லே. இந்தியச் சாதிமுறையைப் பற்றி 1908இல் நூல் எழுதிய அதே பூக்லேதான். சமத்துவம் என்ற கருத்து மேலை நாகரிகத்துக்கே சொந்தமானது என்ற வகையில் அவர் எழுதியிருந்ததை, அவர் முன்னாலேயே கூப்பர் மறுத்து வாதிட்டார். அப்போது கூப்பருக்கு அறுபத்தாறு வயது.

1930இல் டன்பார் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றார். அதே ஆண்டிலேயே ஃபிரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பகலெல்லாம் சமையற்கூடங்களிலும் கட்டடப் பணிகளிலும் வேலை செய்துவிட்டுப் படிக்க வரும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கான மாலை நேரப் பள்ளி அது. பணம் இல்லை, நிலையான கட்டடம் இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் போனபோது, ஐந்து பிள்ளைகளை வளர்த்த அந்த டி ஸ்ட்ரீட் வீட்டிலேயே வகுப்புகளை நடத்தினார். எழுத்தறிவே இல்லாத பெரியவர்களுக்காக அதில் ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்குத் தம் தாய் ஹன்னா ஸ்டான்லியின் பெயரை வைத்தார். தாயைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு: என் தாய் ஓர் அடிமை, நான் அறிந்த பெண்களிலேயே மிகச் சிறந்தவர் என்று அதில் எழுதினார். அந்தத் தாயின் பெயரில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு. அதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எனக்குத் தெரியவில்லை.

நாளடைவில் பட்டமளிக்கும் உரிமையை அந்நிறுவனம் இழந்தது. பதவியின் பெயர்கள் மாறின. கூப்பர் 1940க்குப் பிறகு பதிவாளராக இருந்துகொண்டு, தொண்ணூறு வயதைத் தாண்டியும் அதற்காக உழைத்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. அத்தீர்ப்புக்கான சட்டப் போராட்டத்தை வகுத்த வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் எம் ஸ்ட்ரீட் பள்ளியில் படித்தவர்; தீர்ப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, கூப்பர் இருந்தார்.

தம் இறுதிச் சடங்கைப் பற்றி அவர் 1940இல் ஒரு சிறு கவிதை எழுதினார். மலர்கள் வேண்டாம், யாரோ ஒருவரின் ஆசிரியர் விடுமுறையில் இருக்கிறார், பள்ளி மீண்டும் திறப்பதற்காக இளைப்பாறுகிறார் என்று நினைத்துக்கொண்டால் போதும் என்பது அதன் சாரம். எப்படி நினைவுகூர்வது என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். அவரே பதில் சொல்லிவைத்திருக்கிறார். நூலாசிரியர் என்றோ முனைவர் என்றோ அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. ராலேயில் அடக்கம் செய்யப்பட்டார், எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்த கணவரின் அருகிலேயே.

வாசகி_திருச்சி

எழுதிய அனைவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். என் உரையைப் பிறப்பிலிருந்து தொடங்குவதாக இருந்தேன். இப்போது 1910இல் அவர் பள்ளிக்குத் திரும்பும் இடத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கியும் முன்னோக்கியும் செல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று அவரை ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார்கள். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கல்விவரலாறு

சேர்க்க வேண்டாம், அம்மா. அவர் நான்காமவர். முதல் மூவரும் 1921இல் பட்டம் பெற்றவர்கள்: ஜார்ஜியானா சிம்ப்சன், சேடி மோசெல், ஈவா டைக்ஸ். கூப்பரின் பட்டத்தில் வேறொரு சிறப்பு இருக்கிறது. அது சோர்போன் அளித்தது, அவர் அடிமையாகப் பிறந்தவர். பட்டச் சான்று 1925 டிசம்பரில் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த விழாவில் அவரிடம் வழங்கப்பட்டது. ஆகவே மார்ச், டிசம்பர் என இரண்டு மாதங்களையும் நீங்கள் நூல்களில் காண நேர்ந்தால் குழம்ப வேண்டாம்.

முதல் மூவரைப் பற்றி ஒரு செய்தியையும் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈவா டைக்ஸும் சேடி மோசெலும் எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். ஜார்ஜியானா சிம்ப்சன் அதே பள்ளியில் ஜெர்மன் கற்பித்தவர். கூப்பரையும் சேர்த்தால் நால்வருமே அந்த ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள்.